பந்தைப் பார்த்து ஓடிய வெள்ளம்

என் மனைவியின் அண்ணன் இளவயதில் சினிமாவுக்கு செட் போடும் வேலைக்குப் போனவர். கம்ப்யூட்டர் வராத காலம். ஒரு வெள்ளக் காட்சிக்காக எளாவூர்ப் பக்கம் வற்றிக் கிடந்த ஏரிக்குள் முழங்கால் உயரத்துக்கு ஓர் ஊரையே கட்டினார்களாம். அட்டை வீடுகள், பொம்மை பஸ். கரைமேல் நின்ற தண்ணீர் லாரியைத் திறந்ததும் வெள்ளத்தோடு ஒரு தவளையும் வந்து, மாடி வீட்டின்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது.

"தவள பஸ்ஸவிடப் பெருசு மாப்ள! டைரக்டரு தலைல கைய வச்சிகினு உக்காந்துட்டாரு."

அதிலிருந்து வெள்ளக் காட்சி என்றால் தனக்குத்தான் தெரியும் என்று நினைப்பு அவருக்கு. ஆகவே கும்மிடிப்பூண்டியில் மூடிக் கிடந்த ஒரு ஷெட்டில் ஷூட்டிங், கூட்டத்துக்கு ஆள் வேண்டும் என்றதும் என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

அங்கே சொட்டுத் தண்ணீர் இல்லை. சுவர் முழுக்கப் பச்சைத் துணி. உதவி இயக்குநரான ஒரு பெண், நீளக் கம்பின் நுனியில் பந்தைக் கட்டி உயர்த்திக் காட்டினாள்.

"இந்தப் பந்துதான் சார் அலை. பனமரம் ஒசரம். பாத்துட்டு பயந்து ஓடணும்."

"தண்ணி லாரி எங்கம்மா?" என்றார் மச்சான்.

"அலைய கம்ப்யூட்டர்ல போட்டுக்குவோம் சார்."

ஓடினோம். பாதிப் பேர் சிரித்துக்கொண்டே ஓடினோம். அந்தப் பெண் கெஞ்சினாள்: "மழைல உங்க தெருவுல தண்ணி வந்துச்சே, அத நெனச்சிக்குங்க."

மச்சான் நினைத்துக்கொண்டார். லுங்கியைத் தூக்கிக் கட்டி, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்து, பள்ளம் இருக்கிறதா என்று காலால் துழாவித் துழாவி நடந்தார். அவரைப் பார்த்து மொத்தக் கூட்டமும் அப்படியே நடந்தது. கூட்டத்தில் ஒரு அம்மா, இல்லாத மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டார்.

"கட்! பனமரம் ஒசரம் அலை வருது, செருப்ப எதுக்கு சார் கழட்டுறீங்க?"

"புதுச் செருப்பும்மா."

மானிட்டர் முன்னால் இருந்த டைரக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். இதுவே இருக்கட்டும் என்றார்.

படம் வந்ததும் குடும்பமாகப் போனோம். திரையில் கட்டிடங்கள் சரிந்தன, பஸ்கள் பம்பரமாய்ச் சுற்றின, வானத்தை மறைத்து அலை எழுந்தது. அதன் அடியில் செருப்பும் கையுமாக மச்சான். தியேட்டரே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க, அவர் சீட்டிலிருந்து எழுந்து விசிலடித்தார்.

என் மனைவிக்கு அது எதுவும் காதில் விழவில்லை. என் கையை இறுக்கிப் பிடித்து, கலங்கிய குரலில் கேட்டாள்: "எங்கண்ணன் தப்பிச்சிச்சா?"

"உன் பக்கத்துல நின்னு விசிலடிச்சிகினு கீறாரு" என்றேன்.