மொக்கம்மாள் வாங்கிய வேதம்

மொக்கம்மாள் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றபோது அவளுக்கு வயது இருபத்து நான்கு. பொட்டிப்புரத்தில் பயிர் செய்யும் சம்சாரி வீட்டில் பிறந்தவள். பதினேழில் கட்டிக்கொடுத்தார்கள். பத்தொன்பதில் புருஷன் மலைக்காய்ச்சலில் போனான். அதே காய்ச்சல் அவளையும் பிடித்தது. மாட்டுவண்டியில் போட்டு மிஷன் ஆஸ்பத்திரியில் விட்டுப்போன அண்ணன் ஒச்சாண்டி, திரும்ப வந்து பார்க்கவில்லை. தாலியறுத்தவள் பிழைத்தால் சோறு போட வேண்டுமே என்ற கணக்குத்தான்.

பிழைத்தாள். அந்த ஆஸ்பத்திரியிலேயே தண்ணீர் எடுத்து ஊற்றும் வேலைக்கு நின்றுகொண்டாள். நோயாளிகளுக்கு ஜெபம் பண்ண ஜெபமணி என்ற உபதேசியார் வருவார். ஒருநாள் அவர், சொத்தைப் பிரித்து வாங்கிக்கொண்டு ஓடிப்போன மகனின் கதையைச் சொன்னார். எல்லாம் அழித்துவிட்டு, பன்றி மேய்த்து, பட்டினியோடு அவன் திரும்பி வருகிறான். அப்பன் தூரத்திலேயே பார்த்துவிட்டு ஓடுகிறார்.

குடத்தோடு நின்ற மொக்கம்மாள் கேட்டாள்: "பெத்த அப்பனா எந்திரிச்சு ஓடுனாக?"

"ஆமா. ஓடிப்போயிக் கட்டிக்கிட்டாக."

அந்த ஒரு கதைக்காகத்தான் அவள் ஞானஸ்நானம் வாங்கினாள். அடுத்த வருஷம் ஜெபமணி அவளைக் கல்யாணம் செய்துகொண்டார். சேதி கேட்ட ஒச்சாண்டி ஆற்றில் தலை முழுகினான்.

பண்ணைப்புரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சபை. வாரம் முழுக்கப் பள்ளிக்கூடம், ஞாயிற்றுக்கிழமை கோயில், இரண்டுக்கும் ஒரே ஓட்டுக் கட்டடம். ஜெபமணி அங்கே வாத்தியாரும் உபதேசியாரும். மொக்கம்மாளுக்கு எழுத்து சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். எஸ்தர், சாலமோன் என்று இரண்டு பிள்ளைகள். விடிந்ததும் நால்வரும் உட்கார்ந்து வேதம் வாசிக்க வேண்டும். அதில்தான் சங்கடம் ஆரம்பித்தது.

கோயிலில் இருந்ததும் வீட்டில் இருந்ததும் பழைய மொழிபெயர்ப்பு. எஸ்தர் எங்கும் தட்டாமல் வாசிப்பாள். என்ன வாசித்தாள் என்று கேட்டால் முழிப்பாள். பரிதானம் வாங்காதே என்று ஒருநாள் வந்தது. சாலமோன் தலையை ஆட்டிக்கொண்டான்.

"என்னலே புரிஞ்சது?" என்று கேட்டாள் மொக்கம்மாள்.

"பருத்தி தானம் குடுத்தா வாங்கக் கூடாதாம் ஆத்தா. நம்ம காட்டுல வெளஞ்சதுதான் நமக்கு."

ஜெபமணி சிரித்துவிட்டார். "பரிதானம்னா லஞ்சம்டா."

"அப்ப லஞ்சம்னே எழுதியிருக்கலாம்ல?" என்றாள் மொக்கம்மாள்.

"அது வேத பாஷை. அப்படித்தான் இருக்கும்."

"நீங்க ஆஸ்பத்திரியில அந்த ஓடிப்போன மகன் கதையச் சொன்னீகளே, அது வேத பாஷையிலயா சொன்னீக?"

அவர் அடுத்த வசனத்தை வாசிக்கச் சொன்னார்.

அது முப்பத்தேழாம் வருஷம். சாலமோனையும் கூட்டிக்கொண்டு தேனிச் சந்தைக்கு வற்றலும் துணியும் வாங்கப் போனபோது, சாக்கை விரித்து மிஷன் புத்தகம் விற்கும் குருசாமி கையில் வேறொரு வேதத்தைப் பார்த்தாள். புதுசாகத் திருத்தி வந்தது என்றார். மொக்கம்மாள் அங்கேயே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டாள். ஓடிப்போன மகனின் இடத்தை எடுத்து, சாக்கில் கிடந்த பழையதில் ஒரு தரமும் புதியதில் ஒரு தரமும் சாலமோனுக்கு வாசித்துக் காட்டினாள். புதியதில் அப்பன் ஓடும்போது பையன் வாயைப் பிளந்துகொண்டு கேட்டான். கோழி விற்ற காசு சேலை முந்தியில் இருந்தது. துணி வாங்கவில்லை.

"சபையில இதை ஒத்துக்கல தாயி," என்று குருசாமி எச்சரித்தார். "தேவன்னு இருந்த எடத்துல கடவுள்னு போட்டுட்டாகன்னு அங்கங்க சண்டை நடக்குது."

"வீட்டுல பிள்ளைகளுக்குத்தானே வாசிக்கப் போறேன்."

ஜெபமணி முதலில் முகம் சுளித்தார். பத்துநாள் கழித்து அவரே அதை எடுத்து வைத்துக்கொண்டு பிரசங்கம் தயார் செய்தார். எஸ்தருக்கு மனப்பாடம் பண்ணச் சங்கீதப் புத்தகத்து வசனங்களையும் அதிலிருந்தே கொடுத்தார். அந்த ஐந்தாறு மாசம் அந்த வீட்டில் காலைகள் நன்றாக இருந்தன. நேற்று விட்ட இடத்திலிருந்து மேலே என்ன ஆச்சு என்று பிள்ளைகள் தாங்களாகவே வந்து உட்கார்ந்தார்கள். அவள் அதற்குமுன் அப்படிச் சந்தோஷமாக இருந்ததில்லை. பின்பும் இருக்கவில்லை.

அறுப்புப் பண்டிகை அன்று பிள்ளைகள் சபை முன்னால் நின்று சங்கீதம் ஒப்புவித்தார்கள். எஸ்தர் நான்காவதாக வந்தாள். நல்ல கணீர்க் குரல். இரண்டாவது வசனத்தில் "கடவுள்" என்றாள்.

"நிறுத்து," என்றார் சபை மூப்பர் சுயம்புலிங்கம். தாலுகா கச்சேரியில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். மூன்று தலைமுறைக் கிறிஸ்தவர் என்று அடிக்கடி சொல்லிக்கொள்வார். "என்ன சொன்ன? திருப்பிச் சொல்லு."

அவள் திருப்பிச் சொன்னாள்.

"இது ஊரான் சாமியச் சொல்ற வார்த்தை. வேதத்துல கை வச்சவன் எழுதுனது. இத உனக்கு யாரு சொல்லிக்கொடுத்தா?"

எஸ்தர் அப்பாவைப் பார்த்தாள். மொக்கம்மாளும் பெண்கள் பக்கத்திலிருந்து அவரைத்தான் பார்த்தாள்.

ஜெபமணி எழுந்து நின்றார். "எனக்குத் தெரியாதுங்கய்யா. வீட்டுல... அவ எங்கயோ வாங்கியாந்திருக்கா போல."

எஸ்தருக்கு அப்போது பத்து வயது. அவள் அழவில்லை. அப்பா முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் நின்றாள். யாரோ கையைப் பிடித்து உட்காரவைத்தார்கள்.

மறுநாள் சபைக் கமிட்டி கூடியது. உபதேசியார் வீட்டிலேயே இப்படி என்றால் அவருக்கு வேலை எதற்கு என்று பேச்சு வந்தது. அவர் சம்சாரம் புத்தகத்தைக் கொண்டுவந்து ஒப்படைத்து மன்னிப்புக் கேட்டால் விட்டுவிடலாம் என்று முடிவாயிற்று.

ஜெபமணி அடுப்படியில் வந்து உட்கார்ந்தார். "வேலை போனா எங்கன போறது மொக்கம்மா? உங்க அண்ணன் சேத்துக்குவானா?"

"பிள்ளை உங்க முகத்தப் பாத்துக்கிட்டே நின்னுச்சு."

"என்ன செய்யச் சொல்ற? பேதுருவே பயந்துபோயி மூணு தரம் ஆண்டவரத் தெரியாதுன்னு சொல்லலையா?"

"அவரு வெளிய போயி அழுதாரு."

 கமிட்டி முன்னால் போய் என்ன சொல்ல வேண்டும் என்று அவர் சொல்லிக்கொடுத்தார். எழுத்துச் சொல்லிக்கொடுத்தபோது காட்டிய அதே பொறுமையோடு, இரண்டு தரம் சொல்லவைத்தார்.

சாலமோன் அவளோடு வருவேன் என்று அடம்பிடித்து முந்தியைப் பிடித்துக்கொண்டு போனான். சுயம்புலிங்கம் நாற்காலியில் இருந்தார். மொக்கம்மாள் புத்தகத்தை மேசைமேல் வைத்தாள்.

"யாரும் வாங்கச் சொல்லலீங்கய்யா. எனக்கு வாசிக்கத் தெரியாது. அட்டை நல்லாருந்துச்சு. பழசும் இதும் ஒண்ணுன்னு நெனச்சு வாங்கிட்டேன்."

சுயம்புலிங்கத்தின் முகம் இளகியது. "படிப்பில்லாத பொம்பள, பாவம்," என்றார் மற்றவர்களிடம். "இதுக மேல என்ன குத்தம் சொல்ல?" அவளுக்காக ஒரு ஜெபமும் பண்ணினார். ஜெபமணி எல்லோருக்கும் முந்தி ஆமென் சொன்னார்.

அடுத்த திங்கள்கிழமை முதல் வீட்டில் பழைய வேதம் மறுபடி வந்தது. வாசிக்கும் முறை மாறவில்லை. எஸ்தர் தட்டாமல் வாசித்தாள். மொக்கம்மாள் உலை வைக்க வேண்டும், மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்று ஏதாவது சொல்லி எழுந்துவிடுவாள். ஜெபமணி கூப்பிடவில்லை. மூன்று வருஷத்தில் அவரைக் கம்பத்துக்குப் பக்கத்தில் பெரிய சபைக்கு மாற்றினார்கள். வழியனுப்புக் கூட்டத்தில் சுயம்புலிங்கம் அவரை உறுதியான மனுஷர் என்று புகழ்ந்தார்.

ஒருதரம் மொக்கம்மாள் யாரிடமும் சொல்லாமல் பொட்டிப்புரம் போனாள். ஒச்சாண்டி கொல்லைப் படலுக்கு வெளியிலேயே நிறுத்தி, என்ன வேணும் என்று கேட்டான். சும்மா பார்த்துவிட்டுப் போக வந்தேன் என்றாள். பார்த்தாச்சுல்ல என்றான்.

எஸ்தர் பதினெட்டு வயதில் மதுரைக்கு நர்சு வேலை படிக்கப் போனாள். கடிதம் ஆத்தா பேருக்குத்தான் வரும். சுகம் விசாரிப்பாள், துணிமணி பற்றி எழுதுவாள். அப்பா என்ற வார்த்தை அவற்றில் இருக்காது. கோயிலுக்குப் போகிறாயா என்று மொக்கம்மாள் ஒரு கடிதத்தில் கேட்டாள். அந்தக் கேள்வியை விட்டுவிட்டு மற்றதற்கெல்லாம் பதில் வந்தது.

சாலமோன் வேறு மாதிரி வளர்ந்தான். போதகப் பயிற்சிப் பள்ளியில் முதல் மாணவன். சுயம்புலிங்கம்தான் சிபாரிசுக் கடிதம் கொடுத்தார். நாற்பத்தெட்டில் லீவுக்கு வந்தவன் வெள்ளைச் சட்டை, முழுக்கால் சட்டையோடு அப்பாவுக்குப் பக்கத்தில் சாப்பிட உட்கார்ந்தான். மகன் வந்திருக்கிறான் என்று மொக்கம்மாள் கோழியடித்துக் குழம்பு வைத்திருந்தாள். அன்றைக்கு அவளே ஜெபம் சொன்னாள்.

"சாமி, எம்பிள்ளைய நல்லபடியாக் கொண்டாந்து சேத்துட்ட. பெரியவளையும் அங்கன..."

"ஆத்தா," என்றான் சாலமோன், கண்ணைத் திறக்காமல். குரலில் கோபமில்லை. "சாமின்னு சொல்லக் கூடாது. அது அஞ்ஞானிக வார்த்தை. தேவனேன்னு சொல்லுங்க."

ஜெபமணி தலையைக் குனிந்துகொண்டார்.

மொக்கம்மாள், "நீயே சொல்லுய்யா," என்றாள்.

அவன் சொன்னான். நல்ல பெரிய ஜெபம், சுத்தமான வேத பாஷை, ஒரு இடத்திலும் தட்டவில்லை. அவன் முடிக்கும்முன் அவள் எழுந்துபோய்க் குழம்புச் சட்டியைத் தூக்கிவந்தாள். இருவருக்கும் பரிமாறினாள். நெஞ்சுக்கறியை மகன் தட்டில் வைத்தாள். சாப்பாடு ருசியாக இருக்கிறது என்றான் அவன்.