லமாராவின் கால்ராசியும் கூட்டுறவுச் சங்கத்து சர்வரும்

ஏழு வயசில் லமாரா ஒரு புத்தாண்டுக் காலையில் பக்கத்து வீட்டுக்குள் முதல் ஆளாக நுழைந்தாள். அந்த வருஷம் அந்த வீட்டுப் பசு இரட்டைக் கன்று போட்டது. போட்டது பசு, பேர் என்னவோ லமாராவுக்கு. அன்றையிலிருந்து குர்ஜானிப் பக்கத்து இந்தக் கிராமத்தில் பேக்கரி திறந்தாலும், மருந்துக்கடை திறந்தாலும், புது டிராக்டர் வந்தாலும் அவள் வலது காலை வைத்து ஏறினால்தான் ஆச்சு. ஏறி முடித்ததும் கையில் ஒரு துண்டு கோசினாக்கி, தேனும் அக்ரூட்டுமாகப் பல்லில் ஒட்டும். அப்புறம், "சரி லமாரா, நீ கிளம்பு, எங்களுக்கு வேலை இருக்கு." ஐம்பத்திரண்டு வயசு வரைக்கும் இதே கதை. முதல் அடி அவளுடையது, இரண்டாவது அடி வைக்க யாரும் சொன்னதில்லை. வெளியே சிரித்துக்கொள்வாள், உள்ளுக்குள் அது உறுத்தும்.

திராட்சைக் கூட்டுறவுச் சங்கத்தில் பெருக்கித் துடைக்கிற வேலை அவளுக்கு. அந்தச் சங்கம் இந்த வசந்தத்தில் சொந்தமாக ஒரு சர்வர் வாங்கியது. கொடியின் இலையைப் படம் பிடித்துப் போட்டால் என்ன நோய் என்று சொல்லும். ஆயிரக்கணக்கான இலைகளைக் காட்டி அதைப் பழக்கியிருந்தார்கள். நம் தோட்டத்துப் படம் எவனோ ஊர்பேர் தெரியாதவன் இயந்திரத்துக்குப் போகக் கூடாது என்று தலைவர் தெங்கீஸ் ஒற்றைக்காலில் நின்றதால், மது நிலவறையின் குளிர்ந்த மூலையிலேயே அதை வைத்தாயிற்று.

நிறுவ வந்தவன் பெக்கா, தலைநகர் திபிலீசிக்காரன். திரையில் பதிவுப் பக்கத்தைத் திறந்துவைத்துவிட்டு, வண்டியிலிருந்து ஒரு கம்பி எடுக்கப் போனான். அவ்வளவுதான். தெங்கீஸ் சும்மா இருப்பாரா? "லமாரா, வா, உன் பேரை முதல்ல போடு." அவள் விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு ஒற்றை விரலால் தட்டித் தட்டிப் போட்டாள். கைதட்டினார்கள். கோசினாக்கி கொடுத்தார்கள். அடுத்து தெங்கீஸ் பதிந்தார், பிறகு குராம், ஒத்தார் என்று மற்ற உறுப்பினர்களும். 'நிர்வாகியின் அனுமதிக்குக் காத்திருக்கவும்' என்றது திரை, ஒவ்வொருவரிடமும்.

பெக்கா வந்து பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டான். "முதல்ல பதியற ஆள்தான் இதுக்கு நிர்வாகி. யாருங்க பதிஞ்சது?"

வாசல் வரை போயிருந்த லமாரா பக்கம் எல்லோரும் திரும்பினார்கள்.

"பரவாயில்ல, அழிச்சிட்டு மறுபடி போட்டுடலாம்" என்றான் பெக்கா.

"ராசியான கை தொட்டதை அழிக்கிறதா? இந்த வருஷக் காய்ப்புக்கு நீ பொறுப்பேத்துக்குவியா, தம்பி?" என்றார் தெங்கீஸ்.

பெக்கா அந்தப் பொறுப்பை ஏற்கவில்லை. அவள் பக்கம் திரும்பினான். "அப்ப அக்கா, நீங்களே எனக்கு உரிமையைக் குடுத்துட்டு உங்க பேரைச் சாதா ஆளா மாத்திக்குங்க. ரெண்டு தட்டுதான்."

"குடுக்கறேன். அதுக்கு முன்னால திரையில இருக்கிற இதெல்லாம் என்னன்னு சொல்லு." லமாரா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஒருத்தர் போட்ட படத்தை எல்லாரும் பார்க்கலாமா, கூடாதாங்கிறது இது."

"பார்க்கட்டும். எல்லாம் ஒரே சங்கம்தானே" என்றார் தெங்கீஸ்.

"நல்லா இருக்கு. தன் இலை அழுகுறதை ஒத்தார் பார்க்க இந்தக் குராம் விடுவானா? படமே போட மாட்டான், கொடியோட சேர்ந்து காய்ஞ்சாலும் காய்வான்." பக்கத்து வரப்புக்காரர்களான குராமும் ஒத்தாரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் முகம் சிவந்தார்கள். அவள் 'கூடாது' என்பதைத் தட்டினாள். "அடுத்தது?"

"புதுசா பதியறவங்க நேரா உள்ள வரலாமா, இல்ல இப்ப மாதிரியே உங்க அனுமதிக்குக் காத்திருக்கணுமா?"

"காத்திருக்கட்டும். தரகன் எவனாவது உள்ள வந்து நோயைப் பார்த்தா விலையை இறக்கிட மாட்டானா?"

பெக்கா அவளையே பார்த்தான். எத்தனையோ ஊரில் சர்வர் வைத்தவன். இந்தக் கேள்விகளை யாரும் அவனிடம் கேட்டதில்லை.

கடைசியில் அவள் பேர் நின்றது, பக்கத்தில் 'நிர்வாகி' என்று. மாற்ற வேண்டிய இடம் அதுதான். விரல் நகரவில்லை.

"எனக்கு இதை விட மனசில்ல, தெங்கீஸ். எல்லா இடத்துலயும் காலை வெச்சுட்டுத் திரும்பிப் போனவ நான். இங்க இருக்கணும்னு இருக்கு."

தெங்கீஸ் மீசையைத் தடவினார். பெக்கா குறுக்கிட்டான்.

"நிர்வாகி ஒருத்தர்தான் இருக்கணும்னு யாரு சொன்னா? என்னையும் சேர்த்துக்குங்கக்கா. இயந்திரத்துக்கு ஏதாவதுன்னா நான் திபிலீசியிலேருந்து பார்த்துக்கறேன். மனுஷங்களை நீங்க பார்த்துக்குங்க."

"அப்ப பெருக்கறது யாரு?" என்றார் தெங்கீஸ்.

"காலையில பெருக்குவேன், மத்தியானம் நிர்வாகம். சம்மதமா?"

குராம் சத்தமாகச் சிரித்தான். ஒத்தாரும் சேர்ந்து சிரித்தான். அதுவே ஒரு அதிசயம். தெங்கீஸ் தலையாட்டிவிட்டு மதுக் குடுவையை எடுத்து எல்லோருக்கும் ஊற்றினார். லமாரா நாற்காலியைத் திரையோடு ஒட்டிப் போட்டுக்கொண்டாள். பெக்காவை நிர்வாகியாகச் சேர்த்தாள். பிறகு காத்திருந்தவர்களை ஒவ்வொருவராக உள்ளே விட்டாள். குராம், ஒத்தார், மற்றவர்கள். வேண்டுமென்றே ஒரு பேரை மட்டும் மிச்சம் வைத்தாள்.

"என்னை எப்ப விடுவே, லமாரா?" என்றார் தெங்கீஸ், கோப்பையும் கையுமாக.

கோசினாக்கியை நிதானமாக மென்று முடித்துவிட்டு அவள் பொத்தானைத் தட்டினாள்.

"வலது காலை வெச்சு வா" என்றாள்.