கோயில் இல்லாத ஊரில் எரிமலை

எரிமலைக்குள் நின்று பெண் பார்த்தவர்கள் உங்களில் யாராவது உண்டா? நான் உண்டு. ஆனால் அன்றைக்கு யார் யாரைப் பார்த்தார்கள் என்பதில்தான் எனக்கு இன்னும் குழப்பம்...

நம்மூரில் என்றால் இதற்கு ஒரு முறை இருக்கிறது. பெண் வீட்டார் கோயிலுக்கு வருவார்கள். மாப்பிள்ளையும் அதே நேரம் 'தற்செயலாக' வந்துசேருவார். கோயில் வீதி சுற்றும்போது ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். பிடிக்காவிட்டால் ஒருவருக்கும் மனவருத்தம் இல்லை - சாமி கும்பிடத்தானே வந்தோம்! மெல்பேர்னில் கோயிலுக்கு எங்கே போவது?

டொக்டர் வீட்டு அன்ரி அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். ஒருநாள் டெலிபோன் எடுத்தார்.

"தம்பி, சனிக்கிழமை எரிமலை பார்க்கப் போறம். என்ர தங்கச்சியின்ர மகள் வத்சலா சிட்னியில இருந்து வாறா. பரமட்டாவில பாங்க்கில வேலை. நீர் தனிய வராதையும், நேசனையும் கூட்டிக்கொண்டு வாரும். விளங்குதுதானே?"

ஓம் என்றேன். எனக்கா விளங்காது?

நேசன் என்னோடு கிளேட்டனில் ஒரே ஃபிளாட்டில் இருப்பவன். எக்கவுண்டன்ட். பெண் தேடுகிறேன் என்று போன தீபாவளிக்கு அன்ரியிடம் வாய்விட்டே சொன்னவன். மாப்பிள்ளையை நேரே அழைக்காமல் சிநேகிதன் மூலம் அழைப்பதுதானே மரியாதை? விஷயத்தைச் சொன்னதும் நேசன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "மச்சான், எனக்கு இஞ்ச ஆரடா இருக்கினம்? நீதான் என்ர பக்கத்து ஆள். எனக்காக நீதான் கதைக்கவேணும்" என்றான். கண் கலங்கியிருந்தது. இனி நான் சும்மா இருப்பேனா?

சனிக்கிழமை நேசன் கோட்டும் போட்டு டையும் கட்டிக்கொண்டு எரிமலைக்கு வந்தான்.

மெல்பேர்னுக்கு மேற்கே, காரில் போய்க் களைத்துப்போகும் தூரம். அங்கே பிரையன் என்ற வழிகாட்டி லாண்ட்ரோவரோடு நின்றான். அந்தக் குளிரிலும் அரைக் காற்சட்டை. "இதெல்லாம் அண்மையில் வெடித்த எரிமலைகள்" என்றான். அன்ரி வண்டிப் படியில் வைத்த காலை எடுத்துவிட்டார். "அண்மையில் எண்டால் எப்பவாம் தம்பி?" கேட்டுச் சொன்னேன் - சில ஆயிரம் வருஷங்களுக்கு முன்னராம். "அப்ப சூடு ஆறியிருக்கும்" என்று ஏறிக்கொண்டார்.

அடுத்த பிரச்சினை இருக்கை. வண்டி சரிவில் சாயாமல் இருக்க ஆட்களின் நிறையைப் பார்த்துத்தான் இருத்துவானாம். என்னை வத்சலாவுக்குப் பக்கத்தில் இருத்தினான். அடக் கடவுளே! நான் எழும்பி நேசனை அங்கே தள்ளினேன். அடுத்த இடத்தில் இறங்கி ஏறும்போது பிரையன் மறுபடியும் என்னைப் பிடித்து அவள் பக்கத்தில் இருத்தினான். மறுபடியும் மாறினேன். "மேட், நீ ஒரு முடிவுக்கு வா" என்றான் எரிச்சலோடு. நான் முடிவோடுதான் இருந்தேன்!

வண்டி கல்லிலும் கிடங்கிலும் குதித்துக் குதித்து ஏறியது. அன்ரி முருகா, முருகா என்றார். வத்சலா சிரித்துக்கொண்டே வந்தாள். மேலே போனதும் பெல்பொட்டம் காற்சட்டையை மடித்துவிட்டுக் கல்லுக்குக் கல் தாவி ஏறினாள். கருகிப்போன அப்பம் மாதிரி ஓட்டை ஓட்டையாக ஒரு கல்லை எடுத்து, "பாருங்கோ, பாரமே இல்லை" என்று என் கையில் வைத்தாள்.

மறைப்பானேன்? எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. நன்றாகவே பிடித்துவிட்டது. சீ, சிநேகிதனுக்குப் பார்க்கும் பெண் என்று என்னையே ஏசிக்கொண்டு, அந்தக் கல்லை நேசனிடம் கொடுத்தேன்.

பிறகு முழுமூச்சாக வேலையில் இறங்கினேன். நேசன் சிகரெட் தொடமாட்டான். நேசன் தாய்க்கு மாதாமாதம் எழுதுவான். நேசன் வைக்கும் மீன்குழம்பு இருக்கிறதே... வத்சலா கேட்டுக்கொண்டே வந்தாள். அன்ரியோ என்னைத்தான் குடைந்தார். "தம்பி, உங்கட பக்கத்தில என்ன எதிர்பார்ப்பினம்?"

"ஒண்டுமில்லை அன்ரி. பிள்ளையைப் பிடிச்சால் போதும்" என்றேன், நேசன் சார்பில். அன்ரியின் முகம் மலர்ந்துவிட்டது.

எரிமலைக் குழம்பு ஓடிப்போன ஒரு குகைக்குள் பிரையன் எங்களை நடத்திச் சென்று ரோர்ச்சை அணைத்தான். கும்மிருட்டு. பக்கத்தில் வத்சலாவின் குரல் மெதுவாகக் கேட்டது: "நீங்கள் உங்களைப் பற்றி ஒண்டுமே கதைக்கமாட்டியளோ?"

இதென்ன கேள்வி? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்னைப் பற்றி என்ன கிடக்கு? நேசன் நல்லாப் பாடுவான், தெரியுமோ?" என்றேன்.

அதற்குப் பிறகு அவள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

இறங்கி வந்ததும் பிரையன் என் தோளில் தட்டினான். "உன் மனைவி நன்றாக மலை ஏறுகிறாள்." பதறிப்போனேன். "ஐயோ, என்னுடையவள் இல்லை. அவனுக்கு" என்று நேசனைக் காட்டினேன். பிரையன் நேசனின் டையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், தலையைச் சொறிந்தான்.

போன புதன்கிழமை அன்ரியின் டெலிபோன்.

"தம்பி, உம்மட அம்மாவுக்கு என்னத்தை எழுதுறது எண்டு தெரியேல்ல. அவ உம்மட சாதகத்தை அனுப்பி, நல்லாப் பொருந்தி, உமக்கெண்டுதானே பிள்ளையைக் கூப்பிட்டனான்!"

"எனக்கோ? அப்ப நேசனை ஏன் கூட்டிவரச் சொன்னனீங்கள்?"

"நீர் தனிய வந்தால் கூச்சப்படுவீர், பேச்சுத் துணைக்கு எண்டு சொன்னனான். நீர் நேசன் நேசன் எண்ட நேரம், தன்னைப் பற்றிக் கதைக்காத அடக்கமான பிள்ளை எண்டு நினைச்சன். இப்ப அவள், நேசனைத்தான் பிடிச்சிருக்கு எண்டு நிக்கிறாள். நீர் சொன்னதைக் கேட்டுத்தானாம்!"

கதிரையில் இருந்துவிட்டேன். ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முன் வெடித்ததைப் பிரையன் புட்டுப் புட்டு வைத்தான். வருகிற வைகாசியில் நடக்கவேண்டிய கல்யாணத்தை நம்மில் ஒருவராவது வாய்திறந்து சொன்னோமா? யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளுமாம். அதற்காவது அது தன் தலை என்று தெரிந்திருக்கும்.

குசினியில் நேசன் பாடிக்கொண்டு மீன்குழம்பு வைத்துக்கொண்டிருந்தான். அவனிடம் என்னத்தைச் சொல்ல? கோபிக்கவா, கட்டிப்பிடிக்கவா? எனக்கு அழுகைதான் வந்தது. வெங்காயம் உரித்துக் கொடுத்தேன்.

நேற்று அன்ரி திரும்பவும் எடுத்தார். மணவறையில் மாப்பிள்ளையின் காலைக் கழுவ, தோழனாகப் பெண்ணின் சகோதரன் நிற்கவேண்டுமே. வத்சலாவுக்குக் கூடப்பிறந்த ஆண் இல்லை. "தம்பி, அவளுக்கு ஒரு அண்ணன் மாதிரி நீர்தான் நிக்கவேணும்" என்றார்.

ஓம் என்றுவிட்டேன். கால் கழுவும் தோழனுக்கு மாப்பிள்ளை மோதிரம் போடவேண்டும் அல்லவா? நேசன் நூலும் கையுமாக என் விரலை அளக்க வந்து நிற்கிறான்... எப்படியோ, வத்சலாவின் கல்யாணத்தில் எனக்கும் ஒரு மோதிரம்!