நான் அழித்த பெயர்கள்

எண்ணூர் கன்டெய்னர் யார்டு ஒன்றுக்காக மென்பொருள் எழுதினேன். இணையத்தில் இலவசமாகக் கிடைத்த இரண்டு நிரல்களை அதில் சேர்த்தேன். ஒவ்வொன்றோடும் பயன்படுத்துவதற்கான நிபந்தனைகளைச் சொல்லும் உரிமம் இருந்தது. ஒன்றுக்கு எம்ஐடி உரிமம், சில பத்திகள்தான். மற்றதற்கு அப்பாச்சி, பல பக்கம். எழுதியவர்களின் பெயரோடு இரண்டு உரிமங்களையும் குப்பை என்று அழித்துவிட்டேன்.

ஒப்படைக்கும் நாள் காலையில், பக்கத்து இருக்கை ஜோசப் அதைக் கவனித்தான். காசிமேட்டுப் படகுக்காரர் மகன்.

"இன்னா மாமு இது? இரவல் வாங்குன வலைல, மெதப்புக் கட்டைல எழுதிக்கீற பேரை சொரண்டிட்டு என்னுதுன்னு சொல்லுவியா?"

அப்போதுதான் படித்தேன். எம்ஐடி கேட்டது பெயரும் உரிமமும் கூடவே இருக்க வேண்டும் என்பது மட்டும்தான். அப்பாச்சி, நான் திருத்திய கோப்புகளையும் குறிப்பிடச் சொன்னது. பயமோ வெட்கமோ வரவில்லை. மரத்துப்போய் உட்கார்ந்து, அழித்ததையெல்லாம் திரும்பச் சேர்த்தேன்.

இப்போது உரிமத்தைப் படிக்காமல் எதையும் எடுப்பதில்லை. போன வாரம் என் சொந்த நிரலை எம்ஐடி உரிமத்தோடு வெளியிட்டேன். அதில் என் பெயரை எழுதும்போதுதான், அன்று அழித்த பெயர்களை நினைத்து வெட்கம் வந்தது.