அம்மா விட்டுவிட்ட நன்மை

பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தின் நன்மைகள் என்னென்ன என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் மூச்சு விடாமல் சொல்வேன். ஒன்பது வயதில் அம்மா என்னை மனப்பாடம் செய்யவைத்தது. ஃபீஸ் கிடையாது. புத்தகத்தைப் பள்ளிக்கூடமே கொடுத்து, வருடக் கடைசியில் திரும்ப வாங்கிக்கொள்ளும். டீச்சர் கையில் கம்பு இருக்காது. நீச்சல் குளத்துக்கு அவர்களே வரிசையில் கூட்டிப்போவார்கள். மதியம் மேசையில் உட்காரவைத்து, தட்டு தட்டாக மாற்றிச் சோறு போடுவார்கள். சோறு என்பது மட்டும் அம்மாவின் கைச்சரக்கு. உண்மையில் அது ரொட்டியும் வேகவைத்த மீனும்தான்.

அத்தா பாரிசுக்குப் பக்கத்தில் ஓர் உணவகத்தில் சமையல் வேலை பார்த்தார். சில வருடம் தனியாக இருந்து, காகிதங்களையெல்லாம் சேர்த்த பிறகு அம்மாவையும் என்னையும் அழைத்துக்கொண்டார். அப்போது எனக்கு ஆறு வயது. மூன்று வருடம் கழித்து, கோடை விடுமுறைக்கு அம்மாவும் நானும் மட்டும் திண்டுக்கல் வந்தோம். பேகம்பூரில் பெரியம்மா வீட்டில்தான் தங்கல்.

நாங்கள் வந்தது வெறும் விடுமுறைக்கு இல்லை. அத்தாவின் முதலாளிக்கு இன்னொரு சமையல்காரர் தேவைப்பட்டார். பெரியத்தா திண்டுக்கல்லில் ஒரு பிரியாணிக் கடையில் மாஸ்டர். முதலில் பெரியத்தா போவது, காகிதம் சரியானதும் பெரியம்மாவும் பிள்ளைகளும் போவது என்று பேச்சு. பெரியத்தாவுக்குச் சம்மதம். யாரும் கேட்காவிட்டாலும் எனக்கும் சம்மதம். பெரியம்மா மகள், என்னைவிட இரண்டு வயது மூத்த அக்கா, வந்துவிட்டால் நீச்சல் குளத்துக்குப் போகும் வரிசையில் என் கையைப் பிடித்துக்கொள்ள ஆள் கிடைக்கும். பெரியம்மாதான் பிடி கொடுக்கவில்லை. அவள் தலையாட்டாமல் அந்த வீட்டில் குக்கர்கூட மாற்றமாட்டார்கள்.

அம்மா தினமும் பட்டியலை எடுத்துவிடுவாள். பெரியம்மா கேட்டுவிட்டு, “பாப்போம்” என்று எழுந்து போய்விடுவாள். நாங்கள் பாரிசுக்குத் திரும்ப ஒரு வாரம் இருக்கும்போது, “நீ செத்த நேரம் சும்மா இருத்தா. பச்சப்புள்ள பொய் சொல்லாது. நான் அதுட்டயே கேட்டுக்கிறேன்” என்றாள். பச்சைப்பிள்ளையைப் பற்றி அவளுக்கு அவ்வளவுதான் தெரிந்திருந்தது.

மறுநாள் காலை அம்மா சேலை எடுக்கச் சின்னாளபட்டிக்குக் கிளம்பினாள். வாசலில் என் காதோடு, “சொல்லிக் குடுத்ததை அப்படியே சொல்லு. அம்புட்டுதான்” என்றாள். அவள் குரலில் இருந்த கெஞ்சல் எனக்குப் பிடித்திருந்தது. பெரியவர்கள் என்னைக் கெஞ்சுவது அபூர்வம்.

பெரியம்மா கடைக்கு வேண்டிய பூண்டை முறத்தில் கொட்டி உரித்துக்கொண்டிருந்தாள். நான் எதிரில் உட்கார்ந்து ஒப்பித்தேன். ஃபீஸ், புத்தகம், கம்பு, நீச்சல், சோறு. ஓர் இடத்திலும் தடுமாறவில்லை.

“இது உங்கம்மா சொன்னது. உனக்கு அங்க எதுத்தா புடிச்சிருக்கு?”

யோசித்தபோதுதான் அம்மா இருப்பதிலேயே பெரிய நன்மையை விட்டுவிட்டது தெரிந்தது. பாவம், மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். நானே சேர்த்துக்கொண்டேன்.

“அங்க அம்மாவுக்கு நான்தான் பேசுவேன்.”

கடையில், அஞ்சலகத்தில், மேல்மாடிக்காரி சண்டைக்கு வந்தால் அவளிடம், எல்லாம் நான்தான். அம்மா என் பின்னால் பையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பள்ளிக்கூடத்தில் பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசும் நாளிலும் டீச்சர் சொல்வதை நான்தான் தமிழில் சொல்வேன். டீச்சர், இவள் கணக்கில் மோசம், வாய் ஓயாமல் பேசுகிறாள் என்பார். நான் அம்மாவிடம், கணக்கில் கெட்டிக்காரியாம், கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்கிறேனாம் என்பேன். அம்மா சிரித்துக்கொண்டே டீச்சருக்குக் கும்பிடு போடுவாள்.

பெரியம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “அடி கள்ளி!” என்று என் மீது ஒரு பூண்டுப் பல்லை எறிந்தாள். அவள் மனதைக் கரைத்துவிட்டேன் என்று தெரிந்தது. இன்னும் ஒரு கதை போதும், அக்காவுக்குக் குளிர்சட்டை வாங்கிவிடலாம். இருப்பதிலேயே பெரிய கதையை எடுத்தேன்.

குளிர்காலத்தில் அம்மாவுக்கு வயிற்றில் பாப்பா இருந்தது. ஊருக்கு மூன்று மாதம் கழித்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தாள். ஒருநாள் வலி வந்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். அத்தா அடுப்படியில் போனை எடுக்கவில்லை. டாக்டரம்மா என்னைப் பார்த்துவிட்டு, பெரியவர்கள் யாரும் வரவில்லையா என்று கேட்டார். நான் வகுப்பில் டிக்டேஷனில் முதல் ஆள் என்று சொன்னேன். அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு மெதுவாகப் பேசினார். நான் அம்மாவிடம் சொன்னேன்: “பாப்பா வளரலையாம்மா. நின்னுபோச்சாம். உன் தப்பு இல்லையாம்.” அம்மா, சரி என்று சொல்லச் சொன்னாள். அதையும் பிரெஞ்சில் சொன்னேன்.

“என் பிரெஞ்சு ரொம்ப நல்லா இருக்குன்னு டாக்டர் சொன்னாங்க பெரியம்மா. அம்மாகூட, உன் தப்பு இல்லைங்கிறதை மட்டும் பஸ்ஸுல திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டுச்சு. வீட்டுக்கு வந்தும் கேட்டுச்சு.”

நன்றாகச் சொன்னதால்தான் கேட்கிறாள் என்பது என் கணக்கு.

பெரியம்மாவின் கை நின்றுபோயிருந்தது. பிறகு என் தலையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அழுகிறாள் என்று அவள் வயிறு குலுங்கியதில் தெரிந்தது. பூண்டு நாற்றம் தாங்காமல் நான் நெளிந்தேன்.

அம்மா சேலைப் பையோடு திரும்பியதும் இருவரும் உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். வெளியே வந்தபோது இருவர் முகமும் வீங்கியிருந்தது. அன்று மத்தியானம் பெரியம்மா பெரியத்தாவிடம் ஒரே பேச்சில் முடித்துவிட்டாள். “எனக்காக எம்புள்ள போயி டாக்டர்ட்ட பேச வேணாம். நம்ம இங்கயே இருந்துக்கிருவோம்.” அம்மாவைப் பார்த்து, “நீயும் வந்துரேன்த்தா” என்றாள். அம்மா, “இவ படிப்பு இருக்குல்லக்கா” என்றாள். அவ்வளவு நல்ல கதை சொல்லியும் அக்கா வராமல் போனது எனக்கு விளங்கவே இல்லை. அக்காள் தங்கை பக்கத்தில் இருந்தால் அடுத்த முறை ஆஸ்பத்திரிக்கு என்னைக் கூட்டிப்போக வேண்டியிருக்காது என்றுதான் அம்மா அந்தப் பட்டியலையே போட்டாள் என்பதும் விளங்கவில்லை.

மதுரைக்கு விமானம் ஏறப் போகும் காரில், கொடைரோடு தாண்டியதும் அம்மா கேட்டாள்.

“டீச்சர் சொன்னதை மாத்தி மாத்திச் சொன்னியாமே?”

பெரியம்மா காட்டிக்கொடுத்துவிட்டாள்.

“அது போகட்டும். அன்னைக்கு, என் தப்பு இல்லைன்னு சொன்னியே. அது டாக்டர் சொன்னதா, நீயா சேத்துக்கிட்டதா?”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மூன்று வருடமாக இவளுக்காகப் பேசியிருக்கிறேன், இப்போது என் பிரெஞ்சையே சந்தேகப்படுகிறாள். “ஞாபகமில்ல” என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அம்மா மறுபடி கேட்கவில்லை. சரியான பதில் கொடுத்துவிட்டதாக எனக்கு மதுரை வரை திருப்தியாக இருந்தது.

எனக்கு நன்றாக ஞாபகமிருந்தது. டாக்டர் அதை இரண்டு முறை சொன்னார். இரண்டாவது முறை என் கையைப் பிடித்துக்கொண்டு, மற்றதெல்லாம் விட்டுப்போனாலும் இதை மட்டும் அம்மாவிடம் சரியாகச் சொல்லிவிடு என்றார்.