பன்னிரண்டு ஆலா முட்டைகள்

கனடாவிலிருந்து மாமா வந்திருந்த அந்த ஆவணி விடுமுறையில் எனக்குப் பத்து வயது. அவர் கொண்டுவந்த சொக்லேட்டுகளை நாங்கள் தின்று முடித்த மறுநாளே தனக்கு வேண்டியதைக் கேட்டார். ஆலா முட்டை. மஞ்சள் அலகும் கறுப்புக் கொண்டையுமாகக் கடல்மேல் பறக்கும் அந்த வெள்ளைப் பறவையின் முட்டையை ஒருமுறையாவது அவித்துத் தின்றுவிட்டுத்தான் விமானம் ஏறுவாராம்.

“கோழி முட்டை உனக்கு ருசிக்கேல்லையோ?” என்றார் அம்மா.

“அந்த முட்டைதானே அக்கா எங்களை உயிரோட வச்சிருந்தது.”

யுத்த காலத்தில், அம்மாவுக்குப் பத்து வயதும் மாமாவுக்கு ஆறு வயதுமாக இருந்தபோது, அவர்கள் குடும்பம் இந்தியாவுக்குப் படகேறியது. இதுதான் இந்தியா என்று சொல்லிப் படகோட்டி இறக்கிவிட்டுப் போன இடம் இந்தியா அல்ல. நடுக்கடலில் ஒரு மணல் திட்டு, தீடை என்போம். இரண்டு நாட்கள் ஆலா முட்டைகளைத் தின்று அங்கேயே கிடந்திருக்கிறார்கள். மாமா அதை எப்போதும் சிரிப்புக் கதையாகவே சொல்வார். அம்மா சொல்வதேயில்லை.

தலைமன்னார் முனையிலிருந்து அப்படியான தீடைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடலுக்குள் போகின்றன. அப்பா மீன்பிடிக்கப் போகும் வழியும் அதுதான்.

“மச்சான், அங்க இறங்கக் கூடாது. அதுகள் அடைகாக்கிற காலம். நேவி கண்டாலும் பிரச்சினை” என்றார் அப்பா.

“பத்து நிமிசம்தான் அத்தான்.”

கனடாவிலிருந்து வந்த மச்சானுக்கு மறுப்புச் சொல்லும் வழக்கம் எங்கள் ஊரில் அப்போது ஏற்பட்டிருக்கவில்லை. அப்பா இசைந்தார். நானும் வருவேன் என்று அழுது இடம்பிடித்தேன். அகதியாகப் போய் ஊர் திரும்பியதிலிருந்து படகுப் பக்கமே போகாத அம்மா, தானும் வருவதாகச் சொன்னதுதான் எல்லோருக்கும் ஆச்சரியம்.

விடிந்து வெயில் ஏறத் தொடங்கும் வேளையில் தீடை தெரிந்தது. அதன் நடுவில் வெள்ளையாக ஏதோ குவிந்து கிடந்தது.

“அங்க பார் பிள்ளை, உப்புக் குவிச்சு வச்சிருக்கிறாங்கள்” என்றார் மாமா.

நான் நம்பினேன். அப்பா இஞ்சினை நிறுத்த, மாமாவும் நானும் முழங்கால் தண்ணீரில் குதித்து மணலில் ஏறினோம். அப்போது அந்த உப்புக் குவியல் எழுந்தது.

அதை எப்படிச் சொல்வது? நிலம் தன் மேல்தோலை உதறியதுபோல முழுத் தீடையும் ஒரேயடியாக வானத்துக்குப் போனது. சூரியன் மறைந்து மறைந்து தெரிந்தது. ஆயிரமாயிரம் சிறகுகளின் காற்று என் சட்டையை அசைத்தது. அவற்றின் கூச்சலில் மாமா வாயசைப்பது மட்டுமே தெரிந்தது, குரல் கேட்கவில்லை. குனிந்து பார்த்தால், கைக்கெட்டும் இடமெல்லாம் மணற்குழிகளில் முட்டைகள். ஒன்றில் மை தெளித்த புள்ளிகள். ஒன்றில் குழந்தை கிறுக்கியதுபோன்ற கோடுகள். ஒன்றைப்போல இன்னொன்று இல்லை.

நான் அண்ணாந்து நின்றேன். ஒரு ஆலா என் தலைக்கு நேர்மேலே சிறகடித்தபடி அந்தரத்தில் நின்றது. கடலில் நனைத்துக்கொண்டு வந்த அதன் வயிற்றிலிருந்து நீர்த்துளிகள் என் நெற்றியில் விழுந்தன. மாதா கோயிலில் பாதர் தீர்த்தம் தெளிப்பதுபோல இருந்தது. அது என்னை ஆசீர்வதிக்கிறது என்றே நினைத்தேன். சுடும் முட்டைகளைக் குளிர்விக்க வந்த தாய்க்கும் அதன் முட்டைக்கும் நடுவில் நான் நிற்கிறேன் என்று தெரியவில்லை. இன்னும் கொஞ்ச நேரம், இன்னும் கொஞ்ச நேரம் என்று நின்றேன். ஒரு செம்பருந்து தாழ்ந்து வந்து எதையோ கவ்விக்கொண்டு போனதையும் அதிசயமாகத்தான் பார்த்தேன்.

“அசையாத! காலடியைப் பார்!”

அந்தக் கூச்சலையும் மீறிய அம்மாவின் குரல். சேலை முழங்கால்வரை நனைய அவர் கரையேறிக்கொண்டிருந்தார். என் பாதத்துக்குப் பக்கத்தில், மணலின் நிறத்திலேயே ஒரு குஞ்சு, உடல் ஒட்டிக் கிடந்தது.

“வந்த அடியிலேயே கால் வச்சுத் திரும்பி வா.”

வந்தேன். அம்மா என்னைப் பிடித்துப் பின்னால் தள்ளிவிட்டு, அதற்குள் படகு வாளியில் முட்டைகளைப் பொறுக்கிக்கொண்டு நின்ற மாமாவைப் பார்த்தார்.

“வை திருப்பி.”

“அக்கா, பன்னிரண்டே பன்னிரண்டுதான்...”

“அண்டைக்குப் பசி. நீ திண்டுட்டு நித்திரையாப் போனாய். இதுகள் விடியுமட்டும் எங்களுக்கு மேல கத்தினது. நான் கேட்டுக்கொண்டு கிடந்தனான். இண்டைக்கு உனக்கு என்ன பசி?”

மாமாவின் முகத்தில் சிரிப்பில்லாமல் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அவர் மண்டியிட்டார். வெறுமையாக இருந்த குழி ஒவ்வொன்றையும் தேடி, ஒவ்வொரு முட்டையாக வைத்தார். எது எந்தக் குழியில் இருந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. நான் எண்ணினேன். பன்னிரண்டும் சரி.

படகு விலகியதும் பறவைகள் இறங்கின. விரித்த வெள்ளைத் துணி மெல்லப் படிவதுபோல இறங்கின. அத்தனை ஆயிரத்தில் ஒன்றுகூடத் தன் இடத்தைத் தேடித் தடுமாறியதாக முதலில் தெரியவில்லை. நேராக வந்து அமர்ந்தன. கூச்சல் அடங்கியபோது அலைச் சத்தம் புதிதாகக் கேட்டது. அம்மா இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். சில பறவைகள் மட்டும் அமராமல், ஒரு முட்டையைக் குனிந்து பார்ப்பதும் அடுத்ததற்கு நடப்பதுமாக அலைந்தன.

“எல்லாத்தையும் திருப்பி வச்சிட்டம் என்னம்மா?” என்று கேட்டேன்.

அம்மா, அமராமல் அலைந்தவற்றின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஒவ்வொரு ஆலாவும் தன் முட்டையை அதன் புள்ளியையும் கோட்டையும் வைத்தே அறியும், அடுத்ததன் முட்டைமேல் அமராது என்று நான் தெரிந்துகொள்ளப் பல வருடங்களாயின. அந்தப் பன்னிரண்டில் எத்தனை தப்பின என்று எனக்குத் தெரியாது. அம்மாவுக்கு அதைப் பற்றி யாரும் சொல்லிக்கொடுத்திருக்கமாட்டார்கள். ஆனாலும் அன்றே அவர் எதையோ கண்டிருந்தார். நானோ, நாங்கள் நல்லதே செய்தோம் என்ற முழு நம்பிக்கையோடு, தீடை கண்ணுக்கு மறையும்வரை அவற்றுக்குக் கையசைத்துக்கொண்டே வந்தேன்.