மூட்டை தூக்கும் பூதம்

பதினொரு வருஷமாக என் மைத்துனனின் பொம்மைப் படையில் நான் மூட்டை தூக்கிக்கொண்டிருக்கிறேன். கட்டைவிரல் உயரப் பூதம்; தொப்பையும் மீசையும் அப்படியே என்னுடையவை. அவன் அக்காவுக்கு, அதாவது என் வீட்டுக்காரிக்கு, மட்டும் வாள்.

பகலில் மூக்குக்கண்ணாடி விற்பான். வீட்டில் ஒரு பொம்மையின் கையை அறுத்து இன்னொன்றுக்கு ஒட்டி, இடுக்கைப் பசையால் அடைத்து, மயிரிழைத் தூரிகையால் வர்ணம் பூசுவான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவற்றை மேசையில் நிறுத்தி, கூட்டாளிகளோடு பகடை உருட்டிச் சண்டை. செத்த பொம்மையை மறுபடி களத்தில் இறக்கக் கூடாது என்பது அவர்கள் சட்டம்.

"என்னையும் கொன்னு தொலையேன்டா."

"மூட்டைக்காரனை எவன் மாமா வெட்டுவான்? அக்கா போன வாரமே போய்ச் சேர்ந்துட்டா."

அதைக் கேட்டு அவள் இரண்டு நாள் அவனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

வீரர்கள் ஒவ்வொருவராகச் செத்து, கடைசியில் நான் ஒருவன்தான் மிஞ்சினேன். நானும் விழுந்தால் பதினொரு வருஷப் படை முடிந்தது. அந்த நேரம் பார்த்து அவனுக்குக் கண் ஆபரேஷன். கட்டுப் போட்ட கண்ணோடு படுத்திருந்தவன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"ஞாயித்துக்கிழமை எனக்குப் பதிலா நீங்க போய் ஆடுங்க மாமா. எதுக்கும் முன்னால போகாதீங்க. எவனாவது வம்புக்கு வந்தா ஓடிடுங்க. வீட்ல அக்காகிட்ட நடந்துக்கிற மாதிரியே நடந்துக்கங்க, போதும்."